கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது?

கடந்த ஒக்டோபரில் வெலிமடை நகரத்தில் நான் வாடகைக்கு இருந்த அறை இரண்டு இடத்தில் ஒழுகியது. வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் ஏதோ சாக்குச் சொன்னார். "நானே ஒரு பாஸைப் பிடித்துச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவா?" என்று கேட்டதும் மூன்றாம் நாள் காலையிலேயே ஆளோடும் புதுச் சீட்டோடும் வந்து நின்றார். முறைத்துக்கொண்டுதான் செய்தார், ஆனால் செய்தார்.

தித்வா புயல் கடந்து மூன்றாவது கிழமை, அதே நகரத்திலிருந்து ஓட்டோவில் அரை மணித்தியாலம் மேலே ஏறி ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனேன். பன்னிரண்டு காம்பரா கொண்ட பழைய லயம். முன்னால் இஸ்தோப்பு, உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, பின்னால் புகை படிந்த குசினி. கூரைத் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும் வைத்திருந்தார்கள். கடைசிக் காம்பராவில் இருந்த அக்கா சட்டி, வாளி, பால்மா டின் என்று ஏழு பாத்திரங்களைத் தரையில் வைத்திருந்தார். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தொரைகிட்ட சொன்னா, ஒங்க வீட்டுல யாரு வேலைக்கு வாறாங்கன்னு கேக்குறாரு தம்பி. தலைவருகிட்ட சொன்னா கடுதாசி எழுதிக் குடுங்கன்றாரு. ஜிஎஸ் ஐயாகிட்ட போனா, அது தோட்டத்துக் காணி, நாங்க ஒண்ணும் செய்ய ஏலாதுன்றாரு."

என்னிடம் ஒரு தொலைபேசி இலக்கமும், மாதா மாதம் கொடுக்கும் வாடகையும் இருந்தன. அந்த அக்காவிடம் இரண்டும் இல்லை. லயத்தைப் பற்றி நாம் எழுதுகிறபோதெல்லாம் வறுமை, அவலம், இருநூறு வருட வரலாறு என்று போய்விடுகிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அன்று எழுந்த கேள்வி மிகச் சாதாரணமானது: இந்த வீட்டின் வீட்டுக்காரர் யார்?

கேள்வியைச் சட்டப்படி கேட்டால் பதில் நான்காகப் பிரிகிறது. நிலம் அரசுடையது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குப் போயின, ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கைமாறியது. பின்னர் அது 53 வருடக் குத்தகையானது. அந்தக் கணக்கின்படி குத்தகை 2045 வரை ஓடும். ஆகவே கட்டடத்தைக் கையில் வைத்திருப்பது கம்பனி. வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளை மடுவம் போன்ற வேலைகளுக்காக அதே 1992இல் உருவானது இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படும் அமைப்பு. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் அதில் உட்கார்ந்திருக்கின்றன. நாலாவது, பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டம் தனியார் இடம், அங்கே சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினர், தோட்டத்துக்குள் ஒரு குழாய்கூடப் போட முடியாமல் இருந்தார். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

நான்கு பேர் இருக்கிறார்கள், ஆனால் "வா, வந்து பார்" என்று கையைப் பிடித்து இழுக்க ஒருவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்தவரைக் காட்ட ஒரு கடதாசி இருக்கிறது.

லயத்துக்கு வாடகை இல்லையே, இலவசமாகத்தானே இருக்கிறார்கள் என்று நகரத்தில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வாடகை பணமாக இல்லை, அவ்வளவே. அந்தக் காம்பராவுக்குக் கொடுக்கும் விலை, வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருப்பது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிகள் தாங்கள் கொடுக்கும் நலன்களின் கணக்கில் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய், அம்மாவும் பேர் வெட்டி ஓய்வெடுத்துவிட்டால் அந்தக் குடும்பம் லயத்தில் எந்த உரிமையில் இருக்கிறது என்பது மங்கலாகிவிடுகிறது. "யாரு வேலைக்கு வாறாங்க" என்ற கேள்விக்குப் பொருள் அதுதான். வாடகை கட்டாத குடியிருப்பாளருக்குக் கூரை எதற்கு என்பதன் தோட்டத்து வடிவம்.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்ட அத்தியட்சகரின் கடமை என்று சொன்னது. வெள்ளைக்காரன் தொழிலாளி மேல் கொண்ட பாசத்தால் அதை எழுதவில்லை. கொள்ளைநோய் வந்தால் கொழுந்து எடுக்க ஆள் இருக்காது. 1915இல் நகரங்களுக்காக வந்த வீடமைப்பு மற்றும் நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், மனிதர் வாழத் தகாத கட்டடத்தை மூடுமாறு கட்டளையிடும் வழியைத் தந்தது. ஆக, வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது அதைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பு என்ற யோசனை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மலைக்கு மேலே ஏறும்போது அது எங்கோ வழியில் இறங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பாவின் குடும்பம் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தது. 1983க்குப் பிறகு அவர்கள் கிளிநொச்சிக்குப் போனார்கள். 1977இலும் 1983இலும் அப்படி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். அங்கே காடு வெட்டி, கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டினார்கள். 2009இல் அந்த வீடு போனது. முகாம், தறப்பாள், தற்காலிகக் கொட்டில் எல்லாம் இதை வாசிக்கும் பலருக்குத் தெரிந்த கதை. பின்னர் இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது 5,50,000 ரூபா கட்டம் கட்டமாக அம்மாவின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அத்திவாரம் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்த கட்டக் காசு. அந்தக் காசு போதவில்லை, கடன் பட்டோம், தோட்டை விற்றோம், அது வேறு. ஆனால் மேசனைத் தெரிவுசெய்தது நாங்கள், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொன்னது அம்மா. காணி அனுமதிப்பத்திரம் எங்களிடம் இருந்தபடியால் அது நடந்தது. பத்திரம் இல்லாத அயல் குடும்பங்கள் எவ்வளவு காலம் அலைந்தன என்பதையும் பார்த்தேன்.

அதே இந்திய வீட்டுத்திட்டம் மலையகத்துக்கும் வந்தது. வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள், மலையகத்தில் முதலில் 4,000. பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இங்கே காணி மக்களுடையது அல்ல. ஆகவே முதலில் தோட்டத்திடமிருந்து ஏழு பேர்ச் காணியை விடுவிக்க வேண்டும், அது மண்சரிவு ஆபத்தில்லாத இடமா என்று பார்க்க வேண்டும், தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமோ வேறோர் அமைப்போ நடுவில் நிற்க வேண்டும். 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்களை ஜனாதிபதி வழங்கினார். அறிவிப்பு வந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு, கட்டப்படவிருந்த வீடுகளுக்கான ஆவணங்கள் அவை. யாரையும் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த வேகத்தில் கடைசிக் குடும்பம் லயத்திலிருந்து இறங்குவதற்குள் இன்னும் எத்தனை மழை பெய்யும் என்பதை யோசிக்கச் சொல்கிறேன். லயத்தில் இன்னும் பல ஆண்டுகள் மனிதர்கள் இருக்கப்போகிறார்கள். அந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

பொறுப்பை யாருக்கும் உறுதியாக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை ஊவா மாகாணம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை போய்ச் சேராமல் இல்லை. மக்களிடம் போகச் சொன்னோம் என்றார்கள். எங்கே போவது என்று மக்கள் கேட்டார்கள். மாற்றுக் காணியைக் கொடுப்பது தோட்டமா, பிரதேச செயலகமா, அமைச்சா என்பது தீரவில்லை. அறிக்கை கோப்பில் இருந்தது, பிள்ளைகள் லயத்தில் இருந்தார்கள். அனர்த்தம் நடந்து ஏறத்தாழ இரண்டு வருடங்களுக்குப் பின் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஆள் இறந்த பிறகு காணி கிடைக்கிறதென்றால் அதற்கு முன்பும் காணி இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மண் சரிந்து லயங்கள் சேதமாகின. பிறகு தித்வா.

வெளியுலகில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தேடியபோது, நம்மவர்கள் நிறைய வாழும் இரண்டு இடங்களே கண்ணில் பட்டன. லண்டனில் ஈஸ்ட்ஹாம் உள்ள நியூஹாம் பகுதியில், ஒரு வீட்டில் அளவுக்கு மிஞ்சிய ஆட்களைப் போடுவதும், கொல்லைப்புறக் கொட்டிலை வாடகைக்கு விடுவதும் பெரிய பிரச்சினையாக இருந்தன. நம் ஆட்கள் வாடகைக்கும் இருந்தார்கள், வாடகைக்கு விட்டவர்களிலும் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. 2013 ஜனவரியில் அந்த மாநகர சபை, தன் எல்லைக்குள் தனியார் வீட்டை வாடகைக்கு விடுகிற எவரும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்றது. முழுப் பகுதிக்கும் அப்படிச் செய்த முதல் சபை இங்கிலாந்தில் அதுதான். பத்திரத்தில் ஒரு பெயரும் விலாசமும் இருக்கும். புகார் வந்தால் சபை அந்தப் பெயரைத்தான் தேடிப் போகும். மிக மோசமான இடங்களில் நிர்வாகத்தைச் சபையே எடுத்து, வாடகையை வசூலித்து, அந்தக் காசில் திருத்தவும் 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ரொறன்ரோவில் இன்னும் நேரடியானது. மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்கள் 2017 முதல் 'ரென்ற் சேஃப்' திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் நகரத்தில் பதிவு செய்ய வேண்டும். அவசரப் புகாருக்கு 24 மணித்தியாலத்துக்குள்ளும் மற்றதற்கு ஏழு நாளுக்குள்ளும் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். வாசலில் ஓர் அறிவித்தல் பலகை கட்டாயம். கட்டளையிட்டும் திருத்தாவிட்டால் நகரமே திருத்திவிட்டு, செலவைச் சொத்து வரியில் ஏற்றிவிடும்.

மூன்றாவது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தின் றொச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுச் சுவரில் படர்ந்திருந்த பூஞ்சணத்தைத் தொடர்ந்து சுவாசித்ததே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அங்கே வீட்டுக்காரர் ஒரு தனி ஆள் இல்லை, சமூக வீடமைப்பு நிறுவனம். நம் தோட்டத்தைப் போல. அதற்குப் பிறகு அவன் பெயரிலேயே வந்த விதி 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்தை 24 மணித்தியாலத்தில் சரிசெய்ய வேண்டும், கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் பத்து வேலைநாளில் வந்து பார்க்க வேண்டும், ஆபத்து உறுதியானால் அடுத்த ஐந்து வேலைநாளில் பாதுகாப்பாக்க வேண்டும். அந்த அக்காவின் குசினிச் சுவரைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த விதிதான்.

இவற்றை அப்படியே தூக்கி வந்து ஊவாவில் வைக்க முடியாது. அங்கே வாடகை இருக்கிறது, சொத்து வரி இருக்கிறது, பணத்தைப் பிடிக்க ஒரு கழுத்து இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு கழுத்து உண்டு. கம்பனி அரசுக்குக் குத்தகைப் பணம் கட்டுகிறது. பிரதேச சபையோ மாகாண சபையோ ஒரு லயத்தின் கூரையைப் போட்டுவிட்டு, அந்தச் செலவை அரசு குத்தகைக் கணக்கில் சேர்த்து அறவிட ஏற்பாடு செய்ய முடியாதா? அதற்கு முன்னால், ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இலக்கம், ஒரு பதிவேடு, ஒரு பொறுப்பாளர் பெயர். லயத்தின் முனையில் ஒரு பலகை: பொறுப்பாளர் இன்னார், தொலைபேசி இது, கடைசியாகப் பரிசோதித்த திகதி இது. ஒரு பலகைக்கு எவ்வளவு செலவாகும்?

மலையகச் செயற்பாட்டாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்பட்டார். லயத்தை ஒழி என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், நீ லயத்தைத் திருத்து என்கிறாய், திருத்திக் கொடுத்துவிட்டு இனி இதிலேயே இரு என்பார்கள், ஏழு பேர்ச்சும் போய்விடும் என்றார். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய பயம் இல்லை. தொண்ணூறுகளில் தகரம் மாற்றி, சுண்ணாம்பு அடித்து, அதை வீடமைப்பு என்று எண்ணிக்கையில் சேர்த்த காலம் உண்டு. கடனில் கட்டிய இரட்டை வீடுகளுக்குச் சம்பளத்தில் மாதா மாதம் வெட்டி முடித்த பிறகும் உறுதி கிடைக்காதவர்களை நானே சந்தித்திருக்கிறேன். ஆனாலும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. வன்னியில் நிரந்தர வீடு வரும்வரை தறப்பாளே போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. தறப்பாளும் கேட்டோம், கிணறும் கேட்டோம், வீடும் கேட்டோம். திருத்த வேலை காணி உரிமைக்குப் பதிலாக ஆகாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கேட்கலாம்.

கம்பனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தது தேயிலைக்கு, ஊருக்கு அல்ல என்கிறார்கள். லயத்தில் இருப்போரில் தோட்டத்தில் வேலை செய்வோர் வரவரக் குறைகிறார்கள், எல்லாருக்கும் நாங்கள் எப்படி வீட்டுக்காரர் ஆவது என்கிறார்கள். சரி, அப்படியானால் குடியிருப்புப் பகுதியைக் குத்தகையிலிருந்து விடுவித்து அரசிடம் திருப்பிக் கொடுங்கள், பிரதேச சபை பார்த்துக்கொள்ளட்டும். காணியை விடவும் மாட்டோம், கூரையைப் பார்க்கவும் மாட்டோம் என்பதுதான் ஏற்க முடியாதது.

இன்னோர் ஆபத்தையும் யோசிக்க வேண்டும். வெளிநாடுகளில் கண்டிப்புக் கூடியபோது சில வீட்டுக்காரர்கள் செலவை வாடகையில் ஏற்றினார்கள், சிலர் ஆட்களை எழுப்பிவிட்டுக் கட்டடத்தைப் பூட்டினார்கள். இங்கே "வாழத் தகாத லயம்" என்று ஒரு முத்திரை விழுந்தால் அதையே சாக்காக வைத்து, வேலைக்குப் போகாத குடும்பங்களை வெளியேற்றப் பார்க்கலாம். மாற்று இடம் கையில் கொடுக்காமல் யாரையும் எழுப்பக் கூடாது என்பது அதே பக்கத்தில், அதே எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது, சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு. லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள். தனி ஆளின் முறைப்பாடு சலுகை கேட்பதாகப் பார்க்கப்படும், பன்னிரண்டு கையெழுத்து அப்படிப் பார்க்கப்படாது. தோட்ட அத்தியட்சகருக்கு எழுதி, பிரதேச சபைச் செயலாளருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று பிரதேச சபையில் சொன்னால், 2018 திருத்தத்தைச் சொல்லி அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரச் சொன்னால் பல பதில்கள் மாறிவிடும். உங்கள் லயம் மண்சரிவு ஆபத்துப் பட்டியலில் உள்ளதா, எப்போது பரிசோதித்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். எதற்கும் அசையாவிட்டால் பதுளையில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

மழைக்குக் கடிதம் உதவாது. நேர்ச் சுவருள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் ஏழரை சென்ரிமீற்றர், அதாவது 75 மில்லிமீற்றர் தண்ணீர் சேர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டிய நேரம். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 வந்தால் யாரையும் கேட்காமல் இறங்குங்கள். அளவு எதுவாக இருந்தாலும், நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது என்றால் உடனே இறங்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அன்று இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்த லயத்துக்கான கடிதத்தை எழுதினோம். அக்காவின் மகள், ஓஎல் எழுதியிருக்கும் பிள்ளை, அழகான எழுத்தில் நாலு பிரதி எடுத்தாள். கடித உறையில் அனுப்புநர் என்ற இடத்தில் வந்து பேனாவை நிறுத்தினாள். "மாமா, விலாசம் என்னா எழுதுறது? எங்களுக்குக் கடுதாசி ஒபீசுக்குத்தான் வரும்." அக்கா எழுந்து போய் நிலைக்கு மேலே பார்த்தார். யாரோ எப்போதோ கணக்கெடுக்க வந்தபோது கரியால் எழுதிய இலக்கம், புகையில் பாதி மறைந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாசித்தார். பிள்ளை எழுதினாள்: 3ஆம் இலக்க லயம், 12ஆம் இலக்க வீடு.